சாளரமும் சாரட்டும்

"ஃபித்னத் என்று ஒரு பெண்ணுக்குப் பெயர் வைப்பார்களா, அத்தா?"

இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பித் திண்ணையில் அமர்ந்திருந்த நம்மிடம் நம் மகள் கேட்ட கேள்வி இது. கேட்டவுடன் நாம் முகம் சுளித்தோம். ஃபித்னா என்றால் குழப்பம், கலகம், சோதனை என்றெல்லாம் பொருள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணம் போதித்துவரும் நமக்கு அச்சொல் காதில் விழுந்ததும் வேறு பொருள் தோன்றவில்லை. "பெற்ற பெண்ணுக்கு அப்படியொரு பெயரை எந்தத் தகப்பனும் சூட்டமாட்டான். கதை எழுதியவருக்கு அரபு தெரிந்திராது" என்று தீர்ப்பும் கூறிவிட்டோம்.

மகள் மறுமொழி கூறவில்லை. உள்ளே சென்று, தான் படித்துக்கொண்டிருந்த ஆங்கில நூலை எடுத்துவந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். அந்நாவலின் பழைய பதிப்பொன்றின் முகப்பு அதில் படமாக அச்சாகியிருந்தது. துருக்கியர் அரபு எழுத்தில் எழுதிவந்த காலத்துப் பதிப்பு அது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தோம். நாம் எண்ணிய 'தே' அங்கே இல்லை. 'தோ' என்னும் கனத்த எழுத்து இருந்தது. 'தோ' இட்டு எழுதும் ஃபித்னத்துக்குக் கூர்மதி, நுண்ணறிவு என்று பொருள். அறிவுடையாள் என்று பெயர் பெற்ற ஒருத்தியை நாம் குழப்பக்காரி என்று முடிவு கட்டியிருந்தோம். தமிழில் இரண்டையும் ஒரே தகரத்தால் எழுதுவதனால் நேர்ந்த பிழை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் நூலைப் பாராமலே தீர்ப்புரைத்தது தமிழ் எழுத்தின் குற்றமன்று.

அன்றைய நாளில் வேறொரு காகிதமும் நம் மேசைமீது கிடந்தது. அஞ்சல்வழிக் கல்வியில் முதுகலை முடித்திருந்த மகள், தொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்ய விரும்பினாள். தொடக்ககாலத் துருக்கி நாவல்களில் ஆடவரும் பெண்டிரும் எவ்வாறு காட்டப்படுகின்றனர், மேனாட்டு மோகம் அவர்களை எவ்வாறு மாற்றுகின்றது என்பதே அவள் எடுத்துக்கொண்ட பொருள். இடமும் கிடைத்துவிட்டது. மகளிர் விடுதியில் சேர்வதற்குரிய விண்ணப்பத்தில் தந்தையின் கையொப்பம் மட்டுமே பாக்கி. அதனை நாம் மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். "துருக்கியர் எழுதிய காதற்கதைகளைப் படித்து நமக்கென்ன ஆகப்போகிறது?" என்று ஒருநாள் கேட்டும்விட்டோம்.

"நான் படித்துச் சொல்கிறேன், அத்தா. கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள்" என்றாள்.

அவ்விதமாக, ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப்பின் அவள் ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்ல, இடையே வரும் அரபுப் பெயர்களுக்கும் சொற்களுக்கும் நாம் பொருள் கூற, எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு சிறு மஜ்லிஸ் நடந்தது. அந்த இரவுகளில் நாம் அறிந்துகொண்டதை வாசகர்களின்முன் வைக்க விழைகின்றோம்.

துருக்கியில் நாவல் பிறந்த காலம், உதுமானியப் பேரரசு தன் பழைய பலத்தில் நம்பிக்கை இழந்திருந்த காலம். 1839ஆம் ஆண்டு வெளியான குல்ஹானே பிரகடனத்துடன் 'தன்ஸீமாத்' எனப்படும் சீர்திருத்த யுகம் தொடங்கிற்று. ஒழுங்குபடுத்தல்கள் என்பது அச்சொல்லின் பொருள். படையும் நிருவாகமும் சட்டமும் கல்வியும் ஐரோப்பிய முறையைப் பார்த்துத் திருத்தப்பட்டன. பிரெஞ்சு மொழியறிவு உயர் உத்தியோகத்துக்கு ஏணியாயிற்று. இஸ்தான்பூல் நகரத்து மக்கள் உடை, உணவு, இருக்கை, இசை ஆகிய எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துப் பேசலாயினர். ஐரோப்பிய முறைக்கு 'அலாஃபிராங்கா' என்றும் துருக்கிய முறைக்கு 'அலாதுர்க்கா' என்றும் பெயர். பெண்மக்களுக்கான ருஷ்தியா பள்ளி 1859இலும், ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரி 1870இலும் திறக்கப்பட்டன. ஃபெனலோன் என்னும் பிரெஞ்சு அறிஞரின் தெலமாக் கதையை யூசுஃப் காமில் பாஷா மொழிபெயர்க்க, அது 1862இல் அச்சேறியது. பத்தே ஆண்டுகளில் துருக்கியர் தம் சொந்த நாவல்களை எழுதத் தொடங்கிவிட்டனர்.

அவற்றுள் முதலாவதாகப் பெரும்பாலோர் குறிப்பிடுவது, 1872இல் வெளிவரத் தொடங்கிய 'தஅஷ்ஷுகே தல்அத் வ ஃபித்னத்' என்னும் கதை. 'தல்அத், ஃபித்னத் ஆகியோரின் காதல்' என்பது தலைப்பின் பொருள். எழுதியவர் ஷம்சுத்தீன் சாமி. 1850இல் அல்பேனியாவில் பிறந்த இப்பேரறிஞர், பிற்காலத்தில் 'காமூஸே துர்க்கீ' என்னும் புகழ்பெற்ற அகராதியையும் ஆறு பாகங்கள்கொண்ட கலைக்களஞ்சியம் ஒன்றையும் தொகுத்தவர். அரபு தெரியாதவர் என்று நாம் தீர்ப்புக் கூறியது இவரைத்தான்!

கதை இது. ஃபித்னத் தாயை இழந்தவள். அவளை வளர்க்கும் மாற்றாந்தந்தை ஹாஜி முஸ்தஃபா ஒரு புகையிலை வணிகர். பெண்ணை வாசற்படி தாண்ட விடாதவர். தல்அத் என்னும் இளைஞன் அவளைச் சாளரத்தில் காண்கிறான். பூத்தையல் கற்க வந்த பெண்ணாக வேடமிட்டு அவ்வீட்டினுள் நுழைகிறான். பெண்ணுடையில் தெருவில் நடக்கும்போது ஆடவர் பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தானே அனுபவித்து, பெண்கள் படும்பாட்டை முதன்முறையாக உணர்கிறான். இதற்கிடையே ஹாஜி முஸ்தஃபா, பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் அலீ பே என்னும் செல்வருக்கு அவளை மணம் முடித்துக் கொடுத்துவிடுகிறார். ஃபித்னத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறாள். அவள் கழுத்தில் தாய் கட்டிவிட்டிருந்த தாயத்தை அலீ பே பிரித்துப் பார்க்கிறார். உள்ளே ஒரு கடிதம். ஃபித்னத் தம்முடைய சொந்த மகள் என்பதை அதில் படித்து அவர் பித்தராகிறார். தல்அத்தும் மடிகிறான்.

மகள் சொல்லி முடித்ததும் நாம் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, நமக்குத் தெரிந்த துறையிலிருந்தே பேச்சைத் தொடங்கினோம். மாற்றாந்தந்தை என்னும் உறவால் மட்டும் ஒருவர் பெண்ணுக்கு வலீ ஆகிவிட முடியாது. நம் நாட்டில் வழங்கும் ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் சட்டம் இதுதான். உதுமானிய அரசு ஹனஃபீ சட்டத்தைக் கடைப்பிடித்தது. அம்மத்ஹபின்படி பருவமெய்திய பெண்ணின் சம்மதமின்றி அவளை யாரும் மணமுடித்துக் கொடுக்கவும் இயலாது. ஆகவே ஹாஜி முஸ்தஃபா செய்தது ஷரீஅத்தின் பெயரால் நடந்த ஷரீஅத் மீறல்.

"அப்படியானால், அந்த வீட்டுக்கு ஆபத்து எந்த வழியாக வந்தது, அத்தா? சாளரத்தின் வழியாகவா?" என்று மகள் கேட்டாள்.

நாம் விடை கூறவில்லை. சாளரத்துக்குக் காவலிருந்தவரே பெண்ணை அழித்தார் என்பது கதையிலேயே தெளிவாக இருந்தது. அவள் யார் மகள் என்று சொல்லும் எழுத்து அவள் கழுத்திலேயே கிடந்தது. அதை எவரும் படிக்கவில்லை. படித்தபோது ஃபித்னத் உயிருடன் இல்லை.

அடுத்த இரவு மகள் எடுத்துக்கொண்டது நகைச்சுவை நிறைந்த நாவல். அஹ்மது மித்ஹத் எஃபெந்தி 1875இல் எழுதிய 'ஃபெலாத்தூன் பேயும் ராக்கிம் எஃபெந்தியும்'. மித்ஹத் எஃபெந்தி எளிய குடும்பத்தில் பிறந்து, அங்காடியில் எடுபிடி வேலை பார்த்து, தம் உழைப்பால் பத்திரிகையாளராக உயர்ந்தவர். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதிக் குவித்தவர். பெயர்களைக் கேட்டதுமே நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபெலாத்தூன் என்பது கிரேக்க ஞானி அஃப்லாத்தூனின் பெயர். பிளேட்டோ என்று தமிழில் எழுதுகிறோமே, அவர்தாம். ராக்கிம் என்றால் எழுதுபவன். பெயரிலே ஞானியாக இருப்பவன் ஒருவன். எழுதிப் பிழைப்பவன் மற்றொருவன்.

ஃபெலாத்தூன் பேயின் தந்தை அலாஃபிராங்கா மோகத்தில் மூழ்கியவர். மகனுக்கு அலுவலகத்தில் ஒரு பதவி உண்டு. வாரத்தில் சிறிது நேரம் அங்கே தலைகாட்டினால் அதிகம். வெளியாகும் புத்தகங்களை வாங்கி அழகாகக் கட்டடம் செய்வித்து, தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொன்னெழுத்தில் பொறித்து அடுக்கிவைப்பான், திறந்து பார்ப்பதில்லை. இறுகத் தைத்த காற்சட்டையை அணிந்து விருந்தொன்றில் நடனமாடப் போய், அது கிழிந்து அவமானப்படுகிறான். பிரெஞ்சு நடிகை ஒருத்தியிடம் தந்தையின் சொத்தையெல்லாம் தொலைத்துவிட்டு, முடிவில் ஏதோ ஒரு தீவில் உத்தியோகம் ஏற்றுக் கண்காணாமல் போகிறான். ராக்கிமோ தந்தையற்ற ஏழை. தாயாலும், தாய்க்குப்பின் விசுவாசமுள்ள கறுப்பினத் தாதியாலும் வளர்க்கப்பட்டவன். அரபும் பார்சியும் கற்றபின் பிரெஞ்சும் கற்றவன். மொழிபெயர்த்தும், ஓர் ஆங்கிலேயர் குடும்பத்துப் பெண்களுக்குத் துருக்கி கற்பித்தும் பொருளீட்டுபவன். ஜானான் என்னும் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கி, எழுத்தும் பியானோவும் பயிற்றுவித்து, பின்னர் அவளையே மணக்கிறான்.

நமக்கு ராக்கிமை மிகவும் பிடித்துவிட்டது. "பார்த்தாயா? தன்னுடையதைக் கற்றுவிட்டு அந்நியனுடையதைக் கற்றால் கேடில்லை என்று நான் சொல்லவில்லையா?" என்றோம். மகளும் ஆமோதித்தாள். ஆனால் அவள் வேறு சிலவற்றையும் சுட்டிக்காட்டினாள். ஜானான் கற்றதெல்லாம் ராக்கிம் அனுமதித்த அளவில், ராக்கிமின் வீட்டுக்குள், ராக்கிமுக்காக. பியானோ கற்பிக்க வரும் ஐரோப்பிய ஆசிரியைக்கும் ராக்கிமுக்கும் இடையே முறைதவறிய நெருக்கம் உண்டாகிறது. அதை ஆசிரியர் ஒரு புன்னகையோடு கடந்துவிடுகிறார். உத்தமன் என்று நாம் கொண்டாடியவனின் சறுக்கலுக்குத் தண்டனையில்லை. ஒரு பெண் கால் தவறினால் அக்காலத்து நாவல்கள் அவளை உயிரோடு விட்டதில்லை.

நாம் மறுக்க நினைத்தோம். மகள் சான்றுகளை அடுக்கிவிட்டாள். நாமிக் கமால் 1876இல் எழுதிய 'இன்திபாஹ்' நாவலில் ஒருபுறம் மாஹ்பைக்கர் என்னும் ஒழுக்கமற்ற அழகி. மறுபுறம் அவளிடமிருந்து மகனை மீட்பதற்காகத் தாய் விலைக்கு வாங்கித் தரும் தில்ஆஷூப் என்னும் அடிமைப் பெண். கதைத்தலைவன் அலீ பேயின் பேதைமைக்கு விலையாக இருவருமே கொலையுண்டு மாள்கிறார்கள். தில்ஆஷூப் அவனைக் காப்பதற்காகத் தன்னுயிரையே கொடுக்கிறாள். ஸாமிபாஷாஸாதா ஸெஸாயீயின் 'ஸர்குஸஷ்த்' நாவலில் தில்பர் என்னும் அடிமைச் சிறுமி கைமாறிக் கைமாறி எகிப்துவரை விற்கப்பட்டு, நைல் நதியில் விழுந்து உயிர் விடுகிறாள். வழிதவறுபவன் மகன், சாவது பெண். 'இன்திபாஹ்' என்றால் விழிப்பு. அது யாருக்கு வந்த விழிப்பு என்று மகள் கேட்டபோது, 'இஃப்திஆல்' வாய்பாட்டில் அமைந்த மஸ்தர் என்று இலக்கணம் சொல்லத்தான் நம்மால் முடிந்தது.

மூன்றாவதாக வந்தது 'அரபா ஸெவ்தாஸி'. ரஜாயிஸாதா மஹ்மூது அக்ரம் எழுதி, 1896இல் 'ஸெர்வெதே ஃபுனூன்' இதழில் படங்களோடு தொடராக வந்த நாவல். அரபா என்பது துருக்கிமொழியில் வண்டி. ஸெவ்தா என்பதோ நாம் அறிந்த அரபுச் சொல்லான ஸவ்தா. யூனானி வைத்தியர்கள் உடலின் நான்கு நீர்களுள் ஒன்றான கரும்பித்தத்தை அப்பெயரால் குறிப்பர். அது மிகுந்தால் மனம் பேதலிக்கும் என்பது பழைய மருத்துவம். பித்தத்திலிருந்து பித்து என்று தமிழில் வந்தாற்போல, ஸவ்தாவிலிருந்து அங்கே காதல் மயக்கத்துக்குப் பெயர் வந்திருக்கிறது. எனவே 'சாரட்டுப் பித்து' என்று நாம் மொழிபெயர்த்தோம். மகள் அதைக் குறித்துக்கொண்டாள்.

இறந்துபோன ஒரு பெரிய பாஷாவின் ஒரே மகன் பிஹ்ரூஸ் பே. தாய் செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை. புதுப்பாணிச் சாரட்டை ஓட்டிக்கொண்டு உலவுவது, நாவிதரிடமும் செருப்புத் தைப்பவரிடமும்கூடப் பிரெஞ்சு பேசுவது, ஆடம்பர உடை அணிவது ஆகியவையே அவன் வாழ்வு. சாம்லிஜாப் பூங்காவில் அழகிய வண்டியொன்றில் வந்த பொன்னிறக் கூந்தலாளைக் கண்டு, பெருங்குடிப் பெண் என்று எண்ணி மயங்குகிறான். அவளுக்கு மடல் எழுதப் பிரெஞ்சு நூலிலிருந்து வாசகங்களைத் திருடுகிறான். துருக்கிக் கவிதை ஒன்றும் வேண்டுமென்று பழைய கவிஞர் ஒருவரின் பாடலைப் பெயர்த்தெழுதி அனுப்புகிறான். அதிலுள்ள ஒரு சொல் அவனுக்கு விளங்கவில்லை. அனுப்பியபின்னர், அகராதிகளைப் புரட்டியும் அலுவலகத் தோழர்களைக் கேட்டும் அறிந்துகொள்கிறான்: அச்சொல்லுக்குக் கருநிறமுடைய ஆள் என்று பொருளாம்! பொற்கூந்தல் அழகியைக் கருநிறத்தாள் என்று பாடி அனுப்பிவிட்டோமே என்று துடிக்கிறான். அவளோ பெருங்குடிப் பெண்ணல்லள். வண்டியும் வாடகை வண்டி. அவள் இறந்துவிட்டாள் என்று பொய்யனான நண்பன் சொன்னதை நம்பி அவன் துக்கம் கொண்டாடியதும் வீண்.

இந்த இடத்தில் வீட்டிலிருந்த அனைவரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆனால் அச்சிரிப்பு நம்மிடம் நெடுநேரம் நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்வோம்.

இந்நாவல்களை ஆராய்ந்த ஜாலே பார்லா என்னும் துருக்கிப் பேராசிரியை 1990இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டியிருக்கிறாராம். இக்கதைகளின் இளைஞர் பலருக்குத் தந்தை இல்லை. தல்அத், ராக்கிம், அலீ பே, பிஹ்ரூஸ் யாவரும் தந்தையை இழந்தவர்கள். பேரரசின் பழைய அதிகாரம் தளர்ந்த காலத்தில், வீட்டுத்தலைவன் இல்லாத வீடுகளைப் படைத்து, நாவலாசிரியர்களே தந்தையின் இடத்தில் நின்று மகன்மார்க்குப் புத்தி சொன்னார்கள் என்பது அவர் கருத்து. அலாஃபிராங்கா ஆடவனை இவ்வளவு ஏளனம் செய்ததற்குப் பின்னே, ஊர்ப்பணத்தில் உல்லாசம் கண்ட மேல்தட்டினர்மீது பொதுமக்கள் கொண்டிருந்த சினமும் உண்டு என்பதைச் சமூகவியலறிஞர் ஷரீஃப் மார்தின் விளக்கியிருக்கிறார்.

தந்தையைப் பிரிந்த மகன் என்றதும் நம் நினைவுக்கு வந்தது நம் தமிழ் நாவல். இலங்கையின் கண்டி நகரத்து அறிஞர் சித்திலெவ்வை மரைக்கார் 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்', தமிழ் முஸ்லிம் ஒருவர் எழுதிய முதல் நாவல். பெயரின் இறுதியிலுள்ள 'பே' துருக்கிப் பட்டம். கதைத்தலைவன் காஹிராவில் ஒரு பாஷாவின் மகனாகப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, இந்தியாவில் வளர்கிறான். ஃபெலாத்தூன் பே வெளிவந்து பத்தே ஆண்டுகளில் தமிழிலும் ஒரு பே தோன்றிவிட்டார். சித்திலெவ்வை 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவர், பெண்கல்விக்காகப் பாடுபட்டவர். ஆகவே துருக்கியரின் கேள்வி நமக்கு முற்றிலும் அந்நியமான கேள்வியன்று.

இதுவரை நாம் கண்டவர் எல்லாம் ஆண் எழுத்தாளர்கள். பெண்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டோம். மகள் முகம் மலர்ந்தாள். அவள் காத்திருந்த கேள்வி இதுவே போலும்.

பாத்திமா ஆலியா 1862இல் பிறந்தவர். தந்தை அஹ்மது ஜவ்தத் பாஷா. இப்பெயரைக் கேட்டதும் நாம் நிமிர்ந்து அமர்ந்தோம். ஜவ்தத் பாஷா மதரஸாவில் ஓதி உருவான ஆலிம், பெரும் வரலாற்றாசிரியர், 1869 முதல் 1876 வரை ஹனஃபீ ஃபிக்ஹின் கொடுக்கல் வாங்கல் சட்டங்களை விதிவிதியாகத் தொகுத்த 'மஜல்லா' குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவர் மகள் நாவலாசிரியையா என்று வியந்தோம். சகோதரருக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியர்களிடமிருந்து கல்வியைப் பெற்றாராம் அப்பெண். பிரெஞ்சு மொழியை முதலில் மறைவாகவே கற்றிருக்கிறார். தந்தை அறிந்தபோது தடுக்கவில்லை. கற்பதற்கு வழி செய்துகொடுத்தார். பதினேழாம் வயதில் திருமணம். கணவர் நாவல் படிப்பதை விரும்பவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்து அவர் மனம் மாறிய பின்னரே பிரெஞ்சு நாவலொன்றின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதிலும் தம் பெயரைப் போடாமல் 'ஒரு சீமாட்டி' என்றே கையொப்பமிட்டார். 1892இல் 'முஹாளராத்' வந்தபோதுதான் சொந்த நாவலின்மேல் சொந்தப் பெயர் ஏறியது.

அந்நாவலின் தலைவி ஃபாளிலா. சிற்றன்னையின் கொடுமைக்கும் பொருந்தாத மணவாழ்வுக்கும் இரையானவள். ஆயினும் மற்ற நாவல்களின் பெண்களைப்போல் அவள் இறப்பதில்லை; வீட்டைவிட்டு வெளியேறிப் புதுவாழ்வு காண்கிறாள். 1899இல் வந்த 'ஊதீ' நாவலில் பதீஆ என்பவள், துரோகம் செய்த கணவனைப் பிரிந்து, தந்தை கற்றுக்கொடுத்த ஊத் என்னும் நரம்புக் கருவியை வாசிக்கப் பிறருக்குப் பயிற்றுவித்துத் தன் உழைப்பில் வாழ்கிறாள். தந்தை கற்பித்த வித்தை மகளைக் காத்த கதை அது. 'நிஸ்வானே இஸ்லாம்' என்னும் நூலில், விருந்தாக வந்த ஐரோப்பியப் பெண்மணிகளிடம் அடிமைமுறை, பர்தா, பலதார மணம் ஆகியவைபற்றி உரையாடுகிறார். மேனாட்டார் நம்மைப்பற்றிக் கொண்டிருக்கும் தவறான எண்ணங்களை மறுக்கிறார். எது மார்க்கம், எது வழக்கம் என்று பிரித்தும் காட்டுகிறார். அவ்வளவோடு நிற்கவில்லை. பலதார மணத்தை மஹ்மூது அஸ்அது எஃபெந்தி என்னும் அறிஞர் சிறப்பித்து எழுதியபோது, அவரையும் எதிர்த்து வாதிட்டார். ஐரோப்பியப் பெண்ணுக்குப் பிரெஞ்சில் விடை சொல்லவும், ஆலிமுக்கு மார்க்கநெறி நின்று விடை சொல்லவும் ஒரே பெண்ணால் முடிந்தது. துருக்கி 2009இல் வெளியிட்ட ஐம்பது லீரா நாணயத்தாளில் அவர் படம் இடம்பெற்றது. நம் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா? கடமையா?' நாவலை உ.வே. சாமிநாதையரின் முன்னுரையோடு வெளியிட்டதை இங்கே நினைவுகூர்ந்து நாம் மகிழ்ந்தோம்.

அந்த இரவில் உறக்கம் வரவில்லை. பிஹ்ரூஸ் பேயை எண்ணிக்கொண்டிருந்தோம்.

நமக்கொரு மகன் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை அரைப் பொய்யாகிவிடும். அவனை ஆறாம் வயதில் நகரத்து ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். விடுதியில் விட்டோம். அதற்காக எவரிடமும் ஆலோசனை கேட்டதாக நினைவில்லை. விடுமுறைக்கு வந்து அவன் ஆங்கிலத்தில் பேசியபோது உறவினர்முன் பெருமிதம் கொண்டோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோதோ, ஜமாஅத்துப் பெரியவர்கள் மூவரைக் கேட்டோம், தமையன்மாரைக் கேட்டோம், இஸ்திகாராவும் தொழுதோம். இரண்டு ஆண்டுகள் அவள் வீட்டிலிருந்தாள். அந்த இரண்டு ஆண்டுகளிலும் நம்மிடம் அரபு இலக்கணத்தை அவளே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். பிறகுதான் அஞ்சல்வழிக் கல்வி.

மகன் நல்லவன். அயல்நாட்டில் பணிபுரிகிறான், தொழுகையுள்ளவன், மாதந்தவறாமல் பணம் அனுப்புகிறான். சென்ற ரமளானில் அவனுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினோம். மறைந்துபோன நம் தாயார் அரபுத் தமிழில் ஓதிவந்த கிதாபு ஒன்றைப் பழைய பெட்டியில் கண்டெடுத்ததைப்பற்றி எழுதியிருந்தோம். அவன் அக்கடிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பி, "அத்தா என்ன எழுதியிருக்கிறார்? படித்துச் சொல்" என்று கேட்டானாம். தந்தையின் தமிழை அவனால் படிக்க இயலவில்லை. பாட்டியின் கிதாபைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மகள் இதை நம்மிடம் மறைத்துவைத்திருந்தாள். பிஹ்ரூஸ் கதை சொன்ன இரவில் நாமே வற்புறுத்திக் கேட்டதனால் வெளியிட்டாள். அவன்மீது நமக்குக் கோபமில்லை. சாரட்டை வாங்கிக் கொடுத்தவர் நாமே. பிஹ்ரூஸுக்குத் தந்தை இல்லை என்ற சாக்காவது உண்டு. நம் மகனுக்குத் தந்தை இருந்தார்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. 1928இல் துருக்கி அரசு அரபு எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தைச் சட்டமாக்கிற்று. அதன்பின் மொழியிலிருந்த அரபு, பார்சிச் சொற்களும் பெருமளவில் களையப்பட்டன. தன் மொழிச் சொல்லுக்குப் பொருள் தெரியாத பிஹ்ரூஸைப் பார்த்துச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அந்நாவலின் முதற்பதிப்பைப் படிக்கவே பயிற்சி வேண்டியதாயிற்று. எளிமைப்படுத்திய பதிப்புகளில்தான் பலரும் படிக்கின்றனர். அரபுத் தமிழைக் கைவிட்ட நாம் அவர்களைப் பார்த்து வியப்பதற்கில்லை.

மேனாட்டு மோகம் என்று மேடைகளில் நாமும் பலமுறை பேசியிருக்கின்றோம். பேசும்போதெல்லாம் நம் கண்முன் நின்றது பெண்களின் உடையும், பெண்கள் படிக்கும் கல்லூரியுமே. துருக்கி நாவலாசிரியர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மோகம் மகன்வழியாக வருவதைக் கண்டார்கள். ஆயினும் காவலை மகளுக்கே போட்டார்கள். அவர்களுள் வல்லவர்களே அந்தப் பிழையைச் செய்தார்கள் என்றால், நம் போன்றோர் செய்ததில் வியப்பில்லை. ஆனால் ஜவ்தத் பாஷா நம்மைப்போல் மதரஸாவில் ஓதியவர்தாம். மகள் மறைவாகப் பிரெஞ்சு கற்பதை அறிந்தபோது, புத்தகத்தைப் பிடுங்காமல் கற்கும் வழியைத் திறந்துவிட்டார். அந்தப் பெண்தான் பிற்காலத்தில் இஸ்லாத்துக்காக ஐரோப்பியரோடு வாதிட்டாள். கல்வி தேடுதல் முஸ்லிமான ஒவ்வொருவர்மீதும் கடமை என்னும் நபிமொழியை மதரஸாவில் எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்! விண்ணப்பம் ஒன்று மூன்று வாரம் மேசையில் கிடந்தபோது அது நம் நினைவுக்கு வரவில்லை.

ஃபஜ்ருத் தொழுகைக்குப்பின் மகளை அழைத்து, அந்தக் காகிதத்தை எடுத்துவரச் சொன்னோம். கையொப்பமிட்டுக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவள் ஒன்றும் சொல்லாமல் நின்றாள்.

"ஒரு நிபந்தனை உண்டு" என்றோம். அவள் முகம் சற்று வாடியது.

"உன் அண்ணனின் மகளுக்கு ஏழு வயதாகிறது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளுக்குத் தமிழ் எழுத்தை நீ கற்றுக்கொடுக்க வேண்டும். பாட்டியின் கிதாபை நான் கற்றுக்கொடுக்கிறேன்."

"அண்ணனுக்கு?" என்றாள்.

அவனுக்கும் கடிதம் எழுதியிருக்கின்றோம். இம்முறை அரைப்பக்கந்தான். பெரிய எழுத்தில், எளிய சொற்களில் எழுதி, தங்கையின் உதவியின்றித் தானே படித்து மறுமொழி எழுதுமாறு கேட்டிருக்கின்றோம். எத்தனை நாள் ஆனாலும் காத்திருப்பதாகவும் குறிப்பிட்டோம். மகள் இன்ஷா அல்லாஹ் அடுத்த வாரம் புறப்படுகிறாள். அந்த இரண்டு ஆண்டுகளுக்காக அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க வேண்டுமென்று எண்ணினோம்; வாய் வரவில்லை. இவ்விதழ் விடுதிக்கும் வந்து சேரும் என்று அறிகின்றோம். ஆகவே அதனை இங்கே எழுதிவைக்கின்றோம்.